நிலைக்கு அடியில் ஒரு டென்வர் காசு

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம் சார். முன்னால மூணாவது சீட்டுல, சிவப்புத் துண்டைத் தலையில சுத்திக்கிட்டு ஒருத்தன் தூங்குதான் பாருங்க, அவன் என் சகலை. என் சம்சாரத்தோட தங்கச்சி புருசன். பேரு கோமதிநாயகம். எனக்குத் துணைக்கு வாரானாம். கோவில்பட்டியில இருந்து மதுரைக்குப் போக எனக்குத் துணை! நான் என்ன பச்சப்பிள்ளையா? முப்பத்தாறு வருசம் தபாலாபீஸ்ல குப்பை கொட்டுனவன், சப் போஸ்ட் மாஸ்டரா ரிட்டயர் ஆனவன். ஆவுடையப்பன்னு கேட்டா எங்க ஊர்ல நாய்கூட வீட்டைக் காட்டும்.

நீங்க கண்ணாடி போடலையே? நல்லதாப் போச்சு. உங்க கண்ணால எனக்கு ஒரு வேலை இருக்கு. இருங்க, அதுக்கு முன்னாடி கதையைச் சொல்லிருதேன். சாத்தூர்தான் தாண்டியிருக்கு, மதுரைக்கு இன்னும் நேரம் கிடக்கு.

எனக்கு உள்ளது ஒரே ஒரு ஆசை சார். சொத்து வேண்டாம், பதவி வேண்டாம். செம்பகம், அதான் என் சம்சாரம், அவ வாயால ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "கோமதிநாயகம் எல்லாம் என் வீட்டுக்காரர் கால்தூசிக்கு ஆவாரா"ன்னு சொல்லணும். கல்யாணமாகி முப்பத்தோரு வருசம் ஆச்சு. சொல்ல மாட்டேங்கா. சொன்னதெல்லாம் அதுக்கு நேர் எதிராத்தான். "பொன்னு வீட்டுக்காரரைப் பாருங்க, பொன்னு வீட்டுக்காரரைப் பாருங்க." பொன்னுங்கது அவ தங்கச்சி. என்னத்தப் பாக்க? அவன் கப்பல்ல சமையல்காரன். நாப்பது துறைமுகம் பாத்துட்டானாம். பாத்தா? தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கு வந்தா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா அடுக்களைக்குள்ள போயிருவான். அவன் வச்ச மீன்கொழம்பைத் தின்னுட்டு எங்க மாமியா ஒரு தீபாவளிக்குக் கண்ணுல தண்ணி விட்டுட்டா. நான் அதே கூடத்துல உக்காந்து ரெக்கரிங் டெபாசிட் பத்தி எவ்வளவு நல்ல விசயம் சொல்லிக்கிட்டிருந்தேன் தெரியுமா? ஒருத்தி காது குடுக்கணுமே!

சரி, அது கிடக்கட்டும். ரிட்டயர் ஆன பொறவு எனக்குப் பழைய காசுல ஒரு ஈடுபாடு வந்துட்டு. யூடியூப்ல பாத்துப் பாத்து, புஸ்தகம் வரவழைச்சு, லென்ஸ் வாங்கி, முறைப்படி படிச்சேன். அதுலயும் அமெரிக்கக் காசு இருக்கே, அது நமக்குன்னே செஞ்சது. ஏன்னா அந்த ஊர்ல காசு அடிக்கிற ஆலை ஒண்ணு இல்ல, பல ஊர்ல. எந்த ஊர்ல அடிச்சான்னு ஒரு குட்டி எழுத்து போட்டிருப்பான், எள்ளுல பாதி இருக்கும். மின்ட் மார்க்னு பேரு. 'டி' போட்டா டென்வர். 'எஸ்' போட்டா சான் பிரான்சிஸ்கோ. எழுத்தே இல்லன்னா பிலடெல்பியா. தபால்ல விழுற ஊர் முத்திரை மாதிரிதான். முப்பத்தாறு வருசமா அழிஞ்ச முத்திரை, பாதி முத்திரை, எண்ணெய்க் கறை பிடிச்ச முத்திரை எல்லாம் படிச்சவன் நான். எனக்கு இது ஜுஜுபி.

அந்த எழுத்தை ஒரே இடத்துலயும் வைக்க மாட்டான் சார், கள்ளப்பய. ஒரு சென்ட் காசுன்னா முன்பக்கம், வருசத்துக்குக் கீழ. எருமை போட்ட அஞ்சு சென்ட்ன்னா பின்பக்கம், எருமைக் காலுக்கு அடியில. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒளிவிடம். தெரியாதவன் முன்பக்கத்தையே பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு தூக்கிப் போட்டுருவான். தெரிஞ்சவன் திருப்பிப் பாப்பான். நான் திருப்பிப் பாத்தேன்.

என்ன நடந்துச்சுன்னா, போன தை மாசம். கோமதி அப்பதான் எட்டயபுரம் ரோட்டுல புது வீடு கட்ட ஆரம்பிச்சிருந்தான். ஒரு நாள் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கிட்டு வந்தான். "அண்ணாச்சி, இதுல எதாவது தேறுமா பாருங்க. நீங்கதான் இதுல புலியாச்சே"ன்னான். அந்தக் காலத்துல ஹூஸ்டன்ல கப்பலுக்குக் காய்கறி சப்ளை பண்ணுன ஒரு கிழவன், இவன் வச்ச கொழம்பைத் தின்னுட்டு சந்தோசத்துல குடுத்த டின்னாம். அங்கயும் கொழம்பு! நான் மூணு நாள் டயம் கேட்டேன்.

ரெண்டாம் நாள் மத்தியானம் சார். ஒரு பத்து சென்ட். டைம்னு சொல்லுவான் அமெரிக்கக்காரன். நம்ம பழைய நாலணாவை விடக் கொஞ்சம் சிறுசு. முன்பக்கம் ரெக்கை வச்ச தொப்பி போட்ட பொம்பளை. வருசம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு. திருப்புதேன். பின்பக்கம் ஒரு கோடாலியைச் சுத்திக் குச்சிக் கட்டு. அதுக்கு இடது பக்கம் அடியில, 'ஒன்'னு எழுதியிருக்கு பாருங்க, அதை ஒட்டி, எள்ளுல பாதி... 'டி'! கதவைச் சாத்திட்டு வந்து மறுபடியும் பாத்தேன். அந்த வருசம் மத்த ரெண்டு ஊர்லயும் கோடிக்கணக்குல அடிச்சான். டென்வர்ல ரெண்டரை லட்சத்துச் சொச்சம்தான். தேஞ்சு போன காசுக்கே ஆயிரம் டாலர்ங்கான். இது தேயல. லட்சம் ரெண்டு லட்சம் பேசுற காசு.

நீங்களே சொல்லுங்க, அதைக் கண்டுபிடிச்சது யாரு? நானா அவனா? அவன்கிட்ட முப்பது வருசம் டின்னுக்குள்ள கிடந்துச்சே, பாத்தானா? காசு அவனுதுதான், நான் இல்லங்கல. ஆனா கண்ணு என்னுது. அதனால நான் எந்தத் தப்பும் பண்ணல. மூணாம் நாள் டின்னைத் திருப்பிக் குடுத்தேன். "நாயகம், எல்லாம் சில்லறை. வெள்ளி கலந்த காசு ஒரு ஒன்பது கிடக்கு, ஆனா விலை போகாது. பொழுதுபோக்குக்கு வேணும்னா ஒண்ணு ரெண்டு நான் எடுத்துக்கிடுதேன்"னேன். அம்புட்டுதான் சொன்னேன். நல்ல மனுசன் எவனும் அந்த இடத்துல "எடுத்துக்கோங்க"ன்னுதானே சொல்லுவான்? அவனும் சொல்ல வாயைத் திறந்தான் சார். அதுக்குள்ள அந்தப் பொன்னுலட்சுமி, "அத்தான், வெள்ளியா? ஒன்பதா? விலையும் போகாதா? அப்ப நாளைக்கு நிலை வைக்கையில குழிக்குள்ள போடுறதுக்கு ஆச்சே! கொத்தனார் வெள்ளிக்காசு ஒன்பது கேட்டாரு, எங்க போய் வாங்கன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்"னுட்டா.

வாசல் நிலை வைக்கும்போது அடியில நவதானியம், காசு எல்லாம் போடுவோமில்லா, அதுக்கு! என் வாயே எனக்கு எமன். "வேண்டாம்மா, வெளிநாட்டுக் காசு, ஆகாது"ன்னேன். "லட்சுமிக்கு உள்நாடு வெளிநாடு உண்டா அத்தான்"னா.

மறுநாள் காலையில நல்ல நேரம் ஒன்பதரை மணிக்கு. சரி, போயி எப்படியாவது அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டு நம்ம ஒரு ரூபாயைப் போட்டுருவோம்னு உள்ளங்கையில மறைச்சு வச்சுக்கிட்டுத்தான் போனேன். இந்தப் பய என்ன செஞ்சான் தெரியுமா? அத்தனை பேருக்கு முன்னால, "மூத்த சகலை இருக்கையில நான் போடுறது முறையில்ல. அண்ணாச்சி கைராசிக்காரர், அவரே போடட்டும்"னுட்டான். வெத்தலைத் தட்டுல ஒன்பது காசையும் வச்சு என் கையில குடுத்துட்டான். எட்டைப் போட்டேன். ஒன்பதாவதை விரலிடுக்குல வச்சுக்கிட்டு ஒரு ரூபாயை உருட்டப் பாக்கேன். செம்பகம் பக்கத்துல நின்னு மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்குனா. "என்ன கையை மூடிக்கிட்டே நிக்கீங்க, நேரம் போகுதுல்ல!" டென்வரும் விழுந்துச்சு, என் ஒரு ரூபாயும் விழுந்துச்சு. கொத்தனார் வெள்ளத்துரை ஒரு சட்டி சிமெண்டு கலவையை மேல கொட்டுனான். பொம்பளைக எல்லாம் குலவை போட்டாங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒப்பாரி கேட்டுச்சு சார்.

அதுக்குப் பொறவு ஏழு மாசம் நான் பட்ட பாடு இருக்கே, எதிரிக்கும் வேண்டாம். அந்த நிலையை எப்படியாவது பேக்க வைக்கணும். முதல்ல "நிலை சாஞ்சிருக்கு"ன்னேன். வெள்ளத்துரைக்கு வந்துச்சே கோவம்! தூக்குகுண்டைக் கொண்டாந்து தொங்கவிட்டு, ஒரு நூல் பிசகு காட்டுங்க பாப்போம்னு தெருவையே கூட்டிட்டான். அப்புறம் கரையான். தபாலாபீசுக்குப் பின்னால புத்து ஒண்ணு உண்டு. தேங்காச் சிரட்டையில ஒரு சிரட்டை அள்ளிக்கிட்டுப் போயி நிலைக்கால்ல விட்டேன். சிரிக்காதீங்க சார். விட்டுட்டு நானே போயி, "நாயகம், கரையான் பிடிச்சிருக்கு, நிலையைக் கழத்தி எறி"ன்னேன். அவன் என்ன பண்ணுனான்? மருந்தடிச்சான். "நல்லவேளை அண்ணாச்சி கண்ணுல பட்டுச்சு, இல்லன்னா வீடே போயிருக்கும்"னு எனக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிக் குடுத்தான். கடைசியா வாஸ்துக்காரன் ஒருத்தனுக்குக் காசு குடுத்து, வாசல் நிலை ஆகாதுன்னு சொல்லச் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். அவன் வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, ஞானம் வந்தவன் கணக்கா, "நிலை அற்புதமா இருக்கு, கக்கூஸ்தான் தப்பு"ன்னுட்டான். சவத்துப்பய, என் காசை வாங்கிக்கிட்டு! கோமதி கக்கூஸை இடிச்சு மாத்திக் கட்டுனான்.

விருதுநகர் வந்துட்டா? வடை வேணுமா சார்? வேண்டாமா, சரி.

எப்படி வெளிய வந்துச்சுன்னா, நான் தூக்கத்துல பேசியிருக்கேன். "டென்வர், டென்வர்"னு. செம்பகம் நாலு நாள் கேட்டிருக்கா. அஞ்சாம் நாள் என்னைப் பிடிச்சுக்கிட்டா. "யாரு அவ?"ன்னா. அவளுக்கு அது ஊருன்னு புரிய வைக்கிறதுக்குள்ள காசு விசயம் வாயில இருந்து வந்துட்டு. நான் என்ன சொன்னேன்னா, அந்தக் காசு விலை போகும்னு இப்பதான் ஒரு வீடியோவுல பாத்தேன்னு சொன்னேன். அது பொய்யில்ல, அப்பவும் பாத்தேன். அவ தங்கச்சிக்குப் போன் போட்டுட்டா.

மறுநாள் விடிஞ்சு பாத்தா கோமதி வந்து நிக்கான், கையில மஞ்சப்பையோட. பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. அந்த நேரத்துல நிலையோட கீழ்ப்படியைப் பேத்து, தோண்டி, ஒன்பது காசையும் எடுத்து, "எது உங்களுதோ எடுத்துக்கோங்க அண்ணாச்சி"ங்கான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே. எனக்கு எதுக்கு இது?" பாத்தீங்களா திமிரை? என்னமோ பிச்சை போடுற மாதிரி! என் ஒரு ரூபாயையும் துடைச்சுக் கொண்டாந்திருக்கான், குத்திக் காட்டுறதுக்கு.

செம்பகம் அன்னைக்கு ஆரம்பிச்சா. "மனுசன்னா பொன்னு வீட்டுக்காரர்தான் மனுசன். வீட்டு வாசலையே பேத்துக் குடுத்துட்டாரு. நீங்களும் இருக்கீங்களே." பதினோரு நாள் ஆச்சு சார், இன்னும் நிறுத்தல. சோத்தைத் தட்டுல போட மாட்டேங்கா, எறியுதா.

அதான் இன்னைக்கு மதுரைக்கு. மாட்டுத்தாவணிக்குப் பக்கத்துல ஒரு மண்டபத்துல காசுக் கண்காட்சி. சென்னையில இருந்து பெரிய வியாபாரி வாரான், அமெரிக்கக் காசுல கைதேர்ந்தவன். அவன்கிட்ட குடுத்து நல்ல தொகை ஒண்ணை வாங்கிட்டு, செம்பகத்துக்கு ரெண்டு பவுன்ல வளையல் எடுத்துக்கிட்டுப் போயி முன்னால வைக்கணும். அப்ப பாப்போம் அவ வாயி என்ன சொல்லுதுன்னு.

இந்தாங்க, இதான் காசு. எப்பிடி மின்னுது பாத்தீங்களா! எடுக்கையில பாத்திருக்கணும், பின்பக்கம் பூரா சிமெண்டு. அதுலயும் 'டி' இருக்கிற இடத்துல ஒரு கட்டி, கல்லு மாதிரி. எலுமிச்சம்பழத்துல ஊறப்போட்டேன், போகல. புளியும் உப்பும் வச்சுத் தேச்சேன், போகல. அப்புறம் உப்புத்தாளை எடுத்தேன், அப்புறம் பிளேடு. பத்து நாள் பொறுமையா உக்காந்து சுரண்டுனேன். இன்னைக்குக் காலையில பஸ்சுக்குக் கிளம்பையிலதான் கடைசிப் பொட்டு போச்சு. யூடியூப்ல ஒரு பய சொல்லுதான், பழைய காசைக் கழுவக் கூடாதாம், தேய்க்கக் கூடாதாம், மதிப்புப் போயிருமாம். அழுக்குக் காசை எவன் வாங்குவான்? குளிக்காத மாப்பிள்ளையைப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?

லென்ஸைப் பிடிங்க. எனக்கு வலது கண்ணுல புரை, பஸ் ஆட்டத்துல பிடிபடல. அந்த 'டி' எப்படி இருக்கு, தெளிவா இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க. பின்பக்கம். குச்சிக் கட்டுக்கு இடது பக்கம். 'ஒன்' இருக்கா? அதுக்குப் பக்கத்துல.

என்ன, இல்லையா?

சரியாப் பாருங்க சார். வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். வழுவழுன்னு இருக்கா? பள்ளமா இருக்கா? என்ன பள்ளம்? குடுங்க இப்பிடி.

...

எம்மா.

பிளேடு பட்டிருக்கு சார். சிமெண்டுன்னு நினைச்சு... அந்தக் கடைசிப் பொட்டு... இன்னைக்குக் காலையில நான் சுரண்டுனது சிமெண்டு இல்ல. எழுத்தே இல்லன்னா எந்த ஊருன்னு சொன்னேன்? பிலடெல்பியா. டென்வர்க் காசை உப்புத்தாள் போட்டுத் தேச்சுப் பிலடெல்பியாவுக்கு மாத்தி அனுப்பிட்டேனே! முப்பத்தாறு வருசத்துல ஒரு தபால் இப்படித் தப்பான ஊருக்குப் போனதில்ல சார், ஒரு போஸ்ட் கார்டு போனதில்ல. இனி இதை எவன் வாங்குவான்? வெள்ளிக்கு உள்ள விலை. அதுவும் இந்தக் கீறலோட.

தண்ணி இருக்கா உங்ககிட்ட?

...

திருமங்கலம் தாண்டிட்டோமா. நான் ஒண்ணு யோசிச்சேன் சார். என்ன இருந்தாலும் இது அவன் காசுதானே? கொழம்பு வச்சுச் சம்பாதிச்சது. அடுத்தவன் பொருள் நமக்கு எதுக்கு? கண்ணு என்னுதுன்னு சொன்னேன், அது சரிதான், ஆனா மனுசனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு வேணுமில்லா. இல்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார், நீங்க ஒரு மாதிரியாப் பாக்காதீங்க. முந்தாநாளே மனசுல இருந்துச்சு, சொல்லல. இருங்க, போய்ட்டு வாரேன். பையைப் பாத்துக்கோங்க.

...

கொஞ்சம் தள்ளிக்கோங்க. குடுத்துட்டேன்.

என்ன சொன்னானா? எழுப்பி, கையில வச்சு, "நாயகம், யோசிச்சுப் பாத்தேன். லட்ச ரூபாயா இருந்தாலும் உன் பொருள் எனக்கு வேண்டாம், வச்சுக்கோ"ன்னேன். அவன் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கான். "அண்ணாச்சி, உங்க மனசு யாருக்கு வரும்"ங்கான். பக்கத்து சீட்டுக்காரன்கிட்டச் சொல்லுதான், கண்டக்டர்கிட்டச் சொல்லுதான், யாருக்கோ போன் போட்டும் சொல்லுதான். அந்தக் கண்டக்டர் எனக்குக் கும்பிடு போடுதான் சார்.

ஒரு நிமிசம், போன் அடிக்கி. செம்பகம்.

ஆங், சொல்லு... ஆமா... அதுக்குள்ள உனக்கு யாரு சொன்னா?... ஏய், ஏன் அழுத?... இதுல என்ன இருக்கு... சரி... சரி, சாப்பிடுதேன்... சரி வை.

...

சொல்லிட்டா சார்.

அப்படியே சொல்லிட்டா, நான் எப்படிக் கேக்கணும்னு இருந்தேனோ அப்படியே. பொன்னு பக்கத்துல இருக்கையிலயே சொல்லுதா. "இத்தனை வருசம் உங்களைப் புரிஞ்சுக்காம இருந்துட்டேன். லட்ச ரூபாயைத் தூக்கிக் குடுக்க எவனுக்கு மனசு வரும். பொன்னு வீட்டுக்காரர் எல்லாம் உங்க கிட்ட வர முடியுமா"ங்கா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. ராத்திரிக்கு என்ன வேணும்னு கேட்டா சார், முப்பத்தோரு வருசத்துல முதல் தடவையா. சந்தோசமா இருக்கு, நெசமாவே சந்தோசமா இருக்கு.

அவனா? அவன் என்ன சொல்லுதான்னா, "விக்கதுல பாதி உங்களுக்கு அண்ணாச்சி, மாட்டேன்னு சொல்லக் கூடாது. இறங்குன உடனே நேரா அந்த வியாபாரிகிட்டப் போவோம். நீங்கதான் காசைக் காட்டி அந்த எழுத்து எங்க இருக்குன்னு அவனுக்கு விளக்கணும், நான் போன்ல படம் பிடிச்சு வீட்டுல அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் அனுப்புவேன்"ங்கான். இந்தா, எந்திரிச்சு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு நிக்கான் பாருங்க. என்னைப் பாத்துச் சிரிக்கான்.

சார், ரிங் ரோட்டுல எதும் டிராபிக் இருக்கவே செய்யாதா? இந்த டிரைவர் ஏன் இந்தப் பறப்புப் பறக்கான்?